அடிக்கடி நின்றுபோகும் கணிப்பொறி: காரணம் காணும் முறை

சென்ற ஐப்பசி மாதத்தில் நம் சங்க நிர்வாகக் குழுவின் முன் ஒரு கடன் மனு வந்தது. மனுதாரர் நம் நெசவாள அங்கத்தினர். மூன்று ஜக்கார்டு தறிகள் வைத்துத் தொழில் நடத்துபவர். வீட்டிலுள்ள கணிப்பொறி நாள்தோறும் ஓரிரு முறை தானாகவே நின்றுபோகிறதென்றும், கரைக்கும் முந்தானைக்கும் உரிய சித்திரங்களை அதில்தான் வரைந்து வருவதென்றும், புதியது வாங்க ரூ. 45,000 கடன் வேண்டுமென்றும் எழுதியிருந்தார். பழுது பார்க்கும் கடைக்காரர்கள் இருவர், மதர்போர்டு போய்விட்டது, வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

நாற்பத்தையாயிரம் ரூபாய் என்பது மூன்று தறிக் குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று. ஆகவே மனுவை நாம் மறுக்கவுமில்லை, உடனே ஏற்கவுமில்லை. முதலில் அந்த யந்திரத்தைப் போய்ப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். அங்கே கண்டதையும், அதற்குச் சில மாதங்கள் முன்பு நாமே செய்த தவறு ஒன்றையும், இத்தகைய பழுதுகளுக்குக் காரணம் தேடும் முறையையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க முற்படுகிறோம். விவசாய அங்கத்தினர் பலர் வீடுகளிலும் இன்று பிள்ளைகளின் படிப்புக்கென்றும் வரவு செலவுக் கணக்குக்கென்றும் கணிப்பொறி இருக்கிறது. அவர்களுக்கும் இது உதவக்கூடும்.

தறியில் நாம் அறிந்த முறை

நெசவாளருக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. சேலையில் ஒரு குறை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பாவின் நீளம் முழுவதும் ஒரே இழையில் ஓடினால் நாம் அட்டைகளைத் தொடுவதில்லை. விழுதையோ, கொக்கியையோ, கயிற்றையோ பார்க்கிறோம். சித்திரம் ஒரு சுற்றுச் சுற்றி வரும்போதெல்லாம் அதே ஊடையில் அதே குறை தோன்றினால், கோவையில் அந்த எண்ணுள்ள அட்டையை எடுத்துப் பார்க்கிறோம். ஒழுங்கில்லாமல் எங்கேயோ எப்போதோ வந்தால் நூலையே சந்தேகிக்கிறோம். குறை இருக்கிறது என்பதைவிட, அது எந்த ஒழுங்கில் வருகிறது என்பதே நமக்கு வழி காட்டுகிறது. கணிப்பொறிக்கும் இதே நியாயந்தான்.

இவ்விரண்டுக்கும் உறவு இல்லாமலும் இல்லை. பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறியமைப்பை உருவாக்கினார். துளை இருந்தால் கொக்கி எழும், இல்லையேல் எழாது என்ற அந்த எளிய ஏற்பாட்டை, இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கிடும் யந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். இன்றைய கணிப்பொறியும் 'உண்டு, இல்லை' என்னும் இரண்டு நிலைகளைக் கொண்டே வேலை செய்கிறது. அட்டையைப் பற்றிய பேச்சு இக்கட்டுரையில் பின்னரும் வரும்.

முதல் மருந்து ஒரு நோட்டுப் புத்தகம்

நின்றுபோகிறது என்று எல்லோரும் ஒரே சொல்லால் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் நான்கு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. எவ்வித அறிவிப்புமின்றி, விளக்கணைந்தாற்போல் யந்திரம் முழுவதும் அணைந்துவிடுவது ஒன்று. நீலத் திரையில் ஏதோ ஆங்கில வாசகம் தோன்றிப் பின் தானே மறுபடி தொடங்குவது மற்றொன்று. (விண்டோஸ் 11-இல் 2025-ஆம் ஆண்டு முதல் இத்திரையைக் கறுப்பாக மாற்றிவிட்டார்கள், பொருள் ஒன்றேதான்.) திரையில் உள்ளது உள்ளபடியே உறைந்து, சுண்டெலிக் கருவியும் அசையாமல் போவது மூன்றாவது. வேலை செய்துகொண்டிருந்த ஒரு நிரல் மட்டும் மூடிக்கொள்ள, மற்றவை நன்றாக இருப்பது நான்காவது. முதல் வகையில் பெரும்பாலும் வெப்பத்தையோ மின்சாரத்தையோ சந்தேகிக்க வேண்டும். இரண்டாம் வகையில் நினைவகம், டிரைவர் எனப்படும் இணைப்பு நிரல்கள், வட்டு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். மூன்றாம் வகை இரண்டுக்கும் பொது; வட்டு தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும். நான்காம் வகைக்குக் குற்றவாளி பெரும்பாலும் அந்த ஒரு நிரலே. அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்ப்பதோடு காரியம் முடிந்துவிடும்.

ஆகவே நம் அங்கத்தினரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, பதினான்கு நாட்களுக்கு ஒவ்வொரு முறை நின்றதையும் குறிக்கச் சொன்னோம். தேதி, மணி, அப்போது என்ன வேலை நடந்தது, திரையில் என்ன எழுதியிருந்தது, அறையில் தறிகள் ஓடினவா இல்லையா என்று ஐந்து பத்திகள். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் அதை வெகு ஒழுங்காக எழுதி வைத்தாள்.

இங்கே ஒரு சிறிய இடையூறு உண்டு. நீலத் திரை தோன்றினால் படிப்பதற்குள் யந்திரம் மறுபடி தொடங்கிவிடுகிறது. கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் என்னும் பகுதிக்குச் சென்று, அட்வான்ஸ்டு அமைப்புக்களில் 'ஸ்டார்ட்அப் அண்டு ரிகவரி' என்பதைத் திறந்து, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கெதிரே உள்ள அடையாளத்தை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். நோட்டு எழுதாமல் விட்ட நாட்களுக்கும் ஓரளவு சாட்சியம் யந்திரத்திலேயே இருக்கிறது. தேடும் கட்டத்தில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டச்சுச் செய்தால் ஒரு நாட்குறிப்பு திறக்கும். நாள்வாரியாக ஒரு கோடு. எந்த நாளில் எது தவறியதோ அந்நாளில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. ஒழுங்காக மூடப்படாமல் நின்ற நாளெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஆனால் மின்சாரம் அறுபட்டதுபோல் அணைந்த நிகழ்ச்சிக்கு அதில் காரணம் எழுதியிராது. அணைந்த யந்திரம் எதை எழுத முடியும்? மறுபடி தொடங்கிய பிறகு, முன்பு நான் முறைப்படி மூடப்படவில்லை என்று மட்டுமே அது எழுதி வைக்கிறது. இக்குறிப்பைப் பார்த்துவிட்டு, யந்திரமே பவர் கோளாறு என்று சொல்லிவிட்டது எனச் சிலர் முடிவு கட்டுவது பிழை.

பதினான்கு நாட்களில் 23 பதிவுகள் சேர்ந்தன. அவற்றுள் 18 முதல் வகை, சத்தமின்றி அணைந்தவை. அந்தப் பதினெட்டும் காலை பதினொன்றுக்கும் மாலை நான்கிற்கும் இடையிலேயே நிகழ்ந்திருந்தன. பெரிய முந்தானைச் சித்திரம் திறந்திருந்த வேளைகள். காலையில் மகள் பாடம் எழுதும்போது ஒரு முறைகூட இல்லை. மீதி ஐந்தும் நீலத் திரை. அவற்றுக்கு வேளையும் இல்லை, வேலையும் இல்லை. ஐந்து முறையும் ஐந்து விதமான வாசகங்கள்.

நோட்டைப் புரட்டியபோது நமக்கு ஒன்று விளங்கிற்று. ஒரு நோயென்று எண்ணியது இரண்டு நோய். கடைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நாம் சொல்லவில்லை. எதைச் சரி செய்தாலும் மற்றது மிஞ்சியிருந்ததனால், மதர்போர்டே போயிற்று என்று அவர்கள் கைவிட்டிருக்கக் கூடும்.

பஞ்சும் வெப்பமும்

கணிப்பொறிப் பெட்டியைப் பலரும் சி.பி.யு. என்றே அழைக்கிறோம். உண்மையில் அப்பெயருக்குரியது உள்ளே தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு சில்லு. கணக்கெல்லாம் போடுவது அதுவே. வேலை மிகுந்தால் அது மிகவும் சூடாகும். அச்சூட்டை வாங்கி வெளியேற்ற, அதன் தலைமேல் உலோகத் தகடுகள் நெருக்கமாக அடுக்கிய ஒரு கட்டையும், கட்டையின்மேல் ஒரு விசிறியும் பொருத்தப்பட்டிருக்கின்றன. சூடு ஏறினால் சில்லு முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகும் ஏறி நூறு டிகிரி செல்சியசையொட்டிய எல்லையைக் கடந்தால், தான் எரிந்து போகாமலிருக்கத் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். இது பழுதன்று, தற்காப்பு. வெயில் வேளையில், பெரிய வேலையின்போது, அறிவிப்பில்லாமல் அணைந்ததற்கு இதுவே விளக்கம் என்று ஊகித்தோம்.

ஊகம் மட்டும் போதாது. அளந்து பார்க்க வேண்டும். சில்லின் வெப்பத்தைக் காட்டும் இலவச நிரல்கள் இருக்கின்றன, ஹெச்.டபிள்யூ. மானிட்டர் என்பது அவற்றுள் ஒன்று. அந்த முந்தானைச் சித்திரத்தைத் திறந்து வைத்து வேலை செய்தபோது வெப்பம் ஒரே சீராக ஏறி 97 டிகிரி வரை வந்தது. அதற்கு மேல் பார்க்க நாம் துணியவில்லை.

பெட்டியைத் திறந்தோம். வெளித்தோற்றத்தில் விசிறி சுத்தமாகவே இருந்தது. முன்பு வந்து பார்த்த கடைக்காரரும் தூசி துடைத்திருக்கிறார். ஆனால் விசிறியைக் கழற்றி எடுத்தபோது, அதற்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே பஞ்சு கம்பளிபோல் படிந்து கிடந்தது. விரலால் ஒரு முனையைப் பிடித்து உரித்தால் முழுவதும் ஒரே துண்டாக வந்தது! மூன்று தறிகள் ஓடும் கூடத்தில், நூற்பிசிறும் பாவிலிருந்து உதிரும் கஞ்சிப் பொடியும் சேர்ந்து ஐந்தாண்டுகளில் நெய்த துணி அது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றுத்தான் போகவில்லை.

நெசவு நடக்கும் வீட்டில் கணிப்பொறி வைத்திருப்போர் மூன்று மாதத்திற்கொரு முறை இந்த இடத்தைப் பார்ப்பது நல்லது. மின் வடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிய பின், தொடங்கும் பொத்தானை ஒரு முறை அழுத்தி உள்ளே எஞ்சிய மின்சாரத்தைப் போக்க வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டே உள்ளே கை வைக்க வேண்டும். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடும். வர்ணம் பூசும் மெல்லிய தூரிகையும் கைப்பம்பும் போதும். காற்று ஊதும்போது விசிறியின் இறகை விரலால் பிடித்துக்கொள்க. அது தாறுமாறாகச் சுழன்றால் அச்சு கெடும். திண்ணையிலோ முற்றத்திலோ வைத்துச் செய்க. கூடத்தில் செய்தால் ஊதிய தூசி சேலைமேல்தான் விழும்.

உலோகக் கட்டையையே கழற்றினால், அதற்கும் சில்லுக்கும் இடையே பூசியிருக்கும் பசையையும் புதிதாகப் போட வேண்டும். தெர்மல் பேஸ்ட் என்று கடைகளில் கேட்டால் சிறு குழாயில் கிடைக்கும். பழையது பல ஆண்டுகளில் காய்ந்து உதிர்ந்துவிடுகிறது. அதை முற்றிலும் துடைத்துவிட்டு, ஒரு பச்சைப் பயறளவு நடுவில் வைத்துக் கட்டையை நேராக அமர்த்தினால் தானே பரவும். சந்தனம்போல் வழிய வழியப் பூசுவது கூடாது.

இவ்வளவும் செய்த பின் அதே சித்திரத்துடன் அளந்தால் 68 டிகிரி. பதினெட்டு முறை அணைந்த அந்த யந்திரம் அன்று முதல் அவ்வகையில் ஒரு முறைகூட அணையவில்லை. செலவு பசைக்கு ரூ. 150.

வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் வீடுகளில் கணிப்பொறிக்குப் பூவேலை செய்த உறை தைத்துப் போடுகிறார்கள். அழகுதான், ஆனால் ஓடும்போதும் உறை இருந்தால் அதற்கு மூச்சு முட்டும். தரையைவிட்டு ஒரு முழ உயரத்தில், சுவரிலிருந்து அரையடி தள்ளி, கூடுமானால் தறிக்கூடத்துக்கு வெளியே வைக்க வேண்டும்.

மின்சாரம்

மேற்சொன்ன வீட்டில் மின்சாரக் குறை இல்லை. ஆனால் விவசாய அங்கத்தினர் ஒருவர் தோட்டத்து வீட்டில் நாம் வேறொரு காட்சி கண்டோம். அங்கே கணிப்பொறி நிற்பது ஏறக்குறைய மணி தவறாமல் நடந்தது. விசாரித்தால், மும்முனை மின்சாரம் வரும் நேரம் அது. சுற்றிலுமுள்ள பம்புசெட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்புகையில் மின் அழுத்தம் ஒரு கணம் தாழ்கிறது. மோட்டார் கிளம்பும்போது ஓடுகையில் வாங்குவதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதை விவசாயிகள் அறிவார்கள். விசைத்தறி ஓடும் தெருக்களிலும் இதே கதைதான்.

யு.பி.எஸ். இருக்கிறதே, பிறகேன் நிற்கிறது என்று அவர் கேட்டார். குற்றம் அதில்தான் இருந்தது. யு.பி.எஸ்ஸின் பாட்டரி சாதாரணமாக இரண்டு மூன்று ஆண்டுகளே உழைக்கும். பாட்டரி செத்த பிறகும் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும், மின் அழுத்தம் தாழ்ந்ததும் பொறுப்பைப் பாட்டரியிடம் மாற்றும், பாட்டரியில் ஒன்றுமில்லை, யந்திரம் அணையும். யு.பி.எஸ். இல்லாத வீட்டில் ஒரு கணத் தாழ்வை கணிப்பொறி சில வேளை தாங்கிக்கொள்ளும்; செத்த பாட்டரி உள்ள வீட்டில் அதுவும் இல்லை. சோதிப்பது எளிது. கணிப்பொறியைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் 100 வாட் குண்டு விளக்கொன்றை மாட்டி, யு.பி.எஸ்ஸின் வடத்தைச் சுவரிலிருந்து பிடுங்குக. விளக்கு ஒரு நிமிஷம்கூட எரியாவிட்டால் பாட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

பெட்டிக்குள்ளே மின்சாரத்தைப் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பகுதியை அங்கத்தினர்கள் எவ்வகையிலும் திறக்கலாகாது. வடத்தைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும். சந்தேகமானால் வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே முறை. பழைய மதர்போர்டாயின், அதிலுள்ள சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். கெப்பாசிட்டர் எனப்படும் இவ்வுருளைகள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தரக்குறைவாக உற்பத்தியாகி உலகெங்கும் இலட்சக்கணக்கான யந்திரங்களைக் கெடுத்தன. தோட்டத்து வீடுகளில் எறும்புப் புற்றும், பல்லியும், எலி கடித்த வடமும் தனி அத்தியாயம். அவற்றைக் கண்டால் காரணம் தேட வேண்டியதில்லை.

நினைவகம்

இனி நீலத் திரைக்கு வருவோம். தூசி எடுத்த பின்பும் பத்து நாட்களில் நான்கு முறை அது வந்தது. வாசகம் ஒவ்வொரு தடவையும் வேறு.

ஒரே வாசகம் மறுபடி மறுபடி வந்தால், அதில் ஒரு கோப்பின் பெயரும் இருந்தால், அந்தப் பெயருக்குரிய டிரைவரைச் சந்தேகிக்கலாம். அட்டைக் கோவையில் ஒரே எண் அட்டை என்பது போல. வாசகம் மாறிக்கொண்டேயிருந்தால் நூலே சரியில்லை என்பது போல, எல்லா நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்தும் நினைவகத்தின்மேல் ஐயம் விழ வேண்டும். ராம் எனப்படும் அந்த நினைவகம் சீப்புப் போன்ற பட்டைகளாக மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறது. இவ்வீட்டில் இரண்டு பட்டைகள்.

முதலில் இரண்டையும் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகள் உபயோகிக்கும் மெல்லிய அழிரப்பரால் இலேசாகத் தேய்த்து மறுபடி செருகினோம். மெக்கானிக்குகள் எல்லோரும் செய்யும் வைத்தியம் இது; பாதி வேளையில் பலிக்கிறது. இங்கே பலிக்கவில்லை. விண்டோஸில் 'மெமரி டயக்னாஸ்டிக்' என்று ஒரு சோதனை உண்டு. அதைவிடக் கடுமையானது மெம்டெஸ்ட் என்னும் இலவச நிரல். அதைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே யந்திரத்தைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிட்டோம். காலையில் திரையில் சிவப்பு வரிகள். இச்சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் பட்டை கெட்டதென்றே கொள்ள வேண்டும். ஒன்றுதானே என்று விடலாகாது.

எந்தப் பட்டை? ஒன்றைக் கழற்றி மற்றதை மட்டும் வைத்து ஓர் இரவு. மறு இரவு மாற்றி வைத்து. அதே துளையில் வைத்துச் சோதித்ததால் துளையின் குற்றமா, பட்டையின் குற்றமா என்ற கேள்வியும் தீர்ந்தது. முதற்பட்டை பிழையின்றித் தேறியது. இரண்டாவதில் நள்ளிரவுக்குள் பிழைகள். கெட்டதை எடுத்துவிட்டு, ஒரே பட்டையுடன் மூன்று வாரம் வேலை செய்யச் சொன்னோம். யந்திரம் சற்று மெதுவாக ஓடியதே தவிர நிற்கவில்லை. அதன் பிறகே புதிய பட்டை வாங்கச் சம்மதித்தோம், விலை ரூ. 2,400.

கெட்ட நினைவகத்தின் தீமை நின்றுபோவது மட்டுமன்று. நிற்காத வேளைகளிலும் அது எழுதும் கோப்புக்களில் அங்கங்கே ஓர் எழுத்தை, ஒரு புள்ளியை மாற்றிவிடக்கூடும். இரண்டு சித்திரக் கோப்புக்கள் திறக்க மறுத்ததன் காரணமும் இதுவே என்று கருதுகிறோம்.

நாம் செய்த தவறு

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எழுதாவிட்டால் இப்பாடம் அரைகுறையாகும்.

மனு வருவதற்கு முன்பே, ஆவணி மாதத்தில், அந்த அங்கத்தினர் நம் அலுவலகத்துக்கு வந்து கணிப்பொறி நிற்கிறது என்று முறையிட்டார். வைரஸாக இருக்கும், ஃபார்மேட் போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டால் சரியாகும் என்று நாம் யோசனை சொல்லி, அலுவலகச் சிப்பந்தி ஒருவரையும் அனுப்பி வைத்தோம். அளக்கவில்லை, நோட்டு எழுதவில்லை, பெட்டியைத் திறக்கவுமில்லை. சித்திரங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, டி டிரைவில் என்றார் அவர். பெரும்பாலானவை அங்கேதான் இருந்தன. ஆனால் அன்றாடம் எடுத்து வேலை செய்யும் பதினான்கு சித்திரங்களைக் கைக்கெட்டும்படி திரையின் முகப்பிலேயே, டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தார். முகப்பில் தெரிவது சி டிரைவைச் சேர்ந்தது என்பது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்திருந்தும் திறந்து பார்க்கவில்லை. பதினான்கும் போயின. யந்திரமோ மறுநாள் வழக்கம்போல் நின்றது.

தீபாவளிக்கு முன் இரண்டு மாதம். ஆர்டர்கள் கையிலிருந்தன. அவர் நம்மைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே நமக்கு அதிகமாக வருத்தியது.

பதினான்கில் ஆறுக்கு அட்டைக் கோவைகள் பரணில் கட்டிக் கிடந்தன. அப்பாவும் மகளுமாக அவற்றை இறக்கி, அட்டைக்கு ஓர் ஊடை வீதம், துளை இருந்த இடத்தைக் கறுப்பாகவும் இல்லாத இடத்தை வெள்ளையாகவும் மறுபடி கட்டத்தாளில் ஏற்றி, அங்கிருந்து கணிப்பொறியில் வரைந்தார்கள். 240 கொக்கி ஜக்கார்டு. ஒரு கரைக்கு மட்டும் 384 அட்டைகள். ஒன்பது இரவுகள் பிடித்தன. கணிப்பொறி மறந்ததை அட்டை நினைவில் வைத்திருந்தது. மேலும் மூன்று சித்திரங்களை, வீட்டில் எஞ்சியிருந்த சேலைகளைக் கண்ணாடி வைத்து எண்ணி எடுத்தார்கள். ஐந்து இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே நோய் எதுவென்று தேடத் தொடங்கும் முன்பே, கோப்புக்களையெல்லாம் வேறொன்றில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய மூன்று இடங்களையும் தவறாமல் பார்க்க வேண்டும். ஒரு நகல் வீட்டிலும், ஒரு நகல் வேறிடத்திலும் இருப்பது உத்தமம். வட்டிலேயே குறை என்று தோன்றினால் இன்னும் எச்சரிக்கை தேவை. கோப்புத் திறக்க நெடுநேரமாவதும், டிக் டிக் என்ற ஓசையும், உறைந்து நிற்பதும் வட்டுத் தளர்ச்சியின் அடையாளங்கள். வட்டைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் என்ற கட்டளை விண்டோஸில் உண்டு. ஆயினும் தளர்ந்த வட்டில் அதை ஓடவிடுவது நோயாளியை ஓடச் சொல்வது போன்றது. முதலில் நகல், பிறகே பரிசோதனை. கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச நிரல் வட்டின் நிலையை நல்லது, எச்சரிக்கை, கெட்டது என்று மூன்று சொற்களில் காட்டும். நிறம் மஞ்சளானால் புதிய வட்டு வாங்கத் தாமதிக்க வேண்டாம்.

நிரல்களால் வரும் கோளாறு

இது நம் அங்கத்தினர் வீட்டில் இல்லை. எனினும் அறிந்திருக்க வேண்டும். நேற்று வரை ஓடிய யந்திரம், புதிதாக ஒன்றை ஏற்றிய நாளிலிருந்து நிற்கிறதென்றால், ஏற்றியதை இறக்கிப் பார்ப்பதே முதல் வேலை. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனியின் பாதுகாப்பு நிரலுக்கு அனுப்பப்பட்ட பிழையான ஒரு கோப்பினால், உலகமெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்களில் கையால் சீட்டெழுதினார்கள். நிவாரணம் என்னவென்றால், சேஃப் மோடு என்னும் குறைந்தபட்ச நிலையில் யந்திரத்தைத் தொடங்கி அந்த ஒரு கோப்பை அழித்துவிடுவது. நம் வீட்டு யந்திரத்துக்கும் இம்முறை பொருந்தும். சேஃப் மோடில் நிற்காமல் ஓடினால், குற்றம் பெரும்பாலும் டிரைவரிலோ பின்னால் ஏற்றிய நிரலிலோ இருக்கிறது. அதிலும் நின்றால் உறுப்புக்களைப் பார்க்க வேண்டும். இரண்டு வைரஸ் தடுப்பு நிரல்களை ஒரே யந்திரத்தில் ஏற்றிவைப்பது, ஒரு வீட்டில் இரண்டு காவற்காரர் சண்டையிடுவது போன்றது, ஒன்றை எடுத்துவிடுக.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதனால்தான் நிற்கிறது, புதியது வாங்குங்கள் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். பாதுகாப்பைக் கருதி மாறுவது வேறு விஷயம். ஆதரவு முடிந்ததனால் யந்திரம் அணைவதில்லை. புதியது வாங்கினால் கவலையில்லை என்பதும் சரியன்று. இன்டெல் கம்பெனியின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் சில்லுகளுள் பல, மிகுதியான மின் அழுத்தத்தைத் தாமே கேட்டு வாங்கித் தேய்ந்து நின்றுபோயின. அக்கம்பெனி 2024-இல் அதை ஒப்புக்கொண்டு, திருத்த நிரல் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்த சில்லை அந்தத் திருத்தம் மீட்காது. அத்தகைய சில்லு உள்ளவர்கள் பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும்.

எதைச் செய்தாலும் ஒரு தடவைக்கு ஒரு மாற்றமே செய்து, சில நாட்கள் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்க. நாம் ஒரே நாளில் தூசியும் எடுத்து, பட்டையும் மாற்றியிருந்தால், எது எதைத் தீர்த்தது என்பது தெரியாமலே போயிருக்கும். கடைக்குக் கொண்டு போகும்போதும் அந்த நோட்டைக் கையில் கொண்டு போவது நலம். மதர்போர்டு போயிற்று என்றால், எந்தச் சோதனையால் கண்டீர்கள் என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு சொல்லுவார்.

அங்கத்தினர் தம் மனுவை மார்கழியில் திரும்பப் பெற்றுக்கொண்டார். பட்டையின் விலையைச் சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து கொடுக்க முன்வந்தோம். அவர் வாங்க மறுத்துவிட்டார். நினைவகச் சோதனை ஏற்றிய பென் டிரைவ், தூரிகை, பசைக் குழாய் ஆகியவற்றை வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வேண்டுவோர் கையெழுத்திட்டு மூன்று நாட்களுக்கு எடுத்துச் செல்லலாம்.

கிடைக்காத ஐந்து சித்திரங்களுள் ஒன்று, அன்னமும் கொடியும் மாறி மாறி வரும் ஒரு சாண் கரை. மற்றொன்று, சிறு கட்டங்களுக்குள் மல்லிமொக்கு அமைந்த முந்தானை. இரண்டும் நம் சங்க விற்பனைக் கூடத்தின் வழியாகச் சென்ற ஆண்டு விற்றவை. அச்சேலைகளுள் ஒன்று எந்த அங்கத்தினர் வீட்டிலேனும் இருக்குமானால், ஒரு வாரத்துக்கு அலுவலகத்தில் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மடிப்புக் கலையாமல் திருப்பித் தருவோம்.